மாமா கட்டிய மூன்றாவது பொட்டலம்

கிணத்துக்கடவிலிருந்து போன் வந்தபோது நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. மகள் நித்யாதான் எடுத்தாள். "அப்பாரு போயிட்டாராம்மா" என்று சொல்லிவிட்டு, ரிசீவரை வைக்கத் தோன்றாமல் நின்றாள். அப்பாரு என்றால் அவளுக்குத் தாத்தா. காலையில் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார்.

என் மாமனார் சின்னச்சாமியை இங்கே கூடியிருக்கும் உங்களில் பலர் தேங்காய் வியாபாரியாக அறிவீர்கள். ஊர்க் கோயில் சாமி கருப்பராயனைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார் என்று கேலி பேசியும் இருப்பீர்கள். நானும் பேசியிருக்கிறேன். போர்வெல் போட, டிராக்டர் வாங்க, எல்லாவற்றுக்கும் பூக் கேட்பார். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார். வந்த பூதான் முடிவு, மறுபேச்சே கிடையாது. எம்.எஸ்ஸி. படித்த மருமகளுக்கு இதெல்லாம் எப்படி இனிக்கும்?

நித்யாவுக்கு ஒன்பது வயதானபோது என் வீட்டு வழக்கும் அந்தக் கோயிலுக்குப் போனது. பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் லாரியைப் பார்த்து, "ஏழாயிரத்து ஏழு, பதினொண்ணால வகுத்தா மிச்சமே வராது" என்று சொல்லிக்கொண்டு வருகிற பெண் அவள். பள்ளிக்கூடக் கணக்கு அவளுக்குப் போதவில்லை. வகுப்பில் ஜன்னலையே பார்க்கிறாள் என்று டீச்சர் குறைப்பட்டார். வெளியே ஏதாவது கணக்கு வகுப்பில் சேர்க்கலாம் என்று கோவை முழுக்க விசாரித்ததில் இரண்டு இடங்கள் தேறின. காந்திபுரத்தில் ஒன்று; கடிகாரம் வைத்துக் கணக்குப் போட வைப்பார்கள், வாசல் அறை முழுக்கப் பரிசுக் கோப்பைகள். ராமநாதபுரத்தில் இன்னொன்று, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் வீட்டு மாடியில். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஒரே கணக்கு, அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வாதாடுவார்கள். என் கணவருக்குக் காந்திபுரம் பிடித்தது, எனக்கு ராமநாதபுரம்.

போட்டி என்று வந்தால் வேகம்தான் சோறு போடும் என்பார் அவர். வேகத்துக்கு மெஷின் இருக்கிறது என்பேன் நான். சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே மாதக்கணக்கில் இதே பேச்சு. எப்போது என்று தெரியவில்லை, நித்யா லாரி எண்களைச் சொல்வதை நிறுத்தியிருந்தாள். நானே ஒரு எண்ணைக் காட்டிக் கேட்டால், "தெரியலம்மா" என்றாள். தெரியாமல் இல்லை, அவளுக்கு வேண்டாமென்று ஆகிவிட்டது.

மாமா இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, பூக் கேட்டுவிடலாம் என்றார். எரிச்சலோடுதான் போனேன். ஆடிக் காற்றில் தோப்பு மொத்தமும் தலையாட்டிக்கொண்டிருந்தது. மலைப்பக்கமிருந்து வெயிலோடு சேர்ந்து சாரல் வந்தது. நனைகிறோமா இல்லையா என்றே தெரியாத மழை. இப்போதும் கண்ணை மூடினால் அந்த வெளிச்சத்தில்தான் மாமா தெரிகிறார். காந்திபுரத்துக்குச் சிவப்பு, ராமநாதபுரத்துக்கு வெள்ளை என்று சாமியிடம் சொல்லி வைத்தார். நித்யாவை எடுக்கச் சொன்னார். அவள் கையை நீட்டவில்லை.

"அப்பாரு, ரெண்டுமே வேண்டாம்னா எதைய எடுக்கறதுங்க?"

அப்படி வழக்கமில்லை என்றார் பூசாரி. பெரியவர்கள் பேச்சைக் கேள் என்றார் என் கணவர். மாமா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து இரண்டு பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டார். வேப்பிலையைக் கிள்ளி மூன்றாவதாக ஒன்று கட்டி, மூன்றையும் கலந்து வைத்தார்.

"நாம கேக்காத கேள்விக்குச் சாமி எப்பிடீங்க பதில் சொல்லும்?" என்றார் பூசாரியிடம்.

நித்யா எடுத்தாள். வேப்பிலை வந்தது. சாமி காரியத்தில் இப்படிப் புதுச்சட்டம் போடலாமா என்று கணவர் குதித்தார். வந்தது வந்ததுதான், பிள்ளை வாய் திறந்து கேட்கிற வரைக்கும் எந்த வகுப்பும் இல்லை என்று மாமா முடித்துவிட்டார். அழாத குறையாக நான் பின்னால் நடந்தேன். இருந்த ஒரு வாய்ப்பும் போச்சே என்றுதான் எனக்கு. தோப்பு வழியில் அவர் நின்றார்.

"சரோசாவுக்கு ரெண்டு மாப்பிள்ளைக்குப் பூக் கேட்டனுங்க அம்மணி. காலேசு போகோணும்னு அழுதுட்டு நின்னா. அதுக்கொரு பொட்டலம் கட்டோணும்னு எனக்குத் தோணவே இல்ல."

சரோஜா என் கணவரின் அக்கா, ஆனைமலையில் வாழ்க்கைப்பட்டவர். சொல்லிவிட்டு மாமா நடக்கத் தொடங்கினார்.

பக்கத்து வீட்டுப் பையன்கள் கோப்பையோடு வரும்போதெல்லாம் எனக்குள் புகைந்தது. விடுமுறை நாட்களில் நித்யா தோப்பில் திரிந்தாள். ஒரு மத்தியானம் ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்தாள். ஒவ்வொரு நாலு மரத்துக்கும் நடுவில் ஒரு மரம் வைத்தால், இந்தத் தோப்புக்குள்ளேயே இன்னொரு தோப்பு வருமா என்று கேட்டாள். தெரியவில்லையே கண்ணு என்றார் அவர். சாயங்காலம் அவளே வந்து, "வருமுங்க அப்பாரு, நீளத்துல ஒண்ணு, அகலத்துல ஒண்ணு, வரிசை மட்டும் குறையும்" என்றாள். இல்லாத அந்தத் தோப்பின் மரங்களை விட்டு விலகி, இடிக்காமல் நடப்பவள்போல வீட்டுக்கு வந்தாள். என் பிள்ளை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள் என்று அன்று அழுதேன். அடுத்த வருடம் ராமநாதபுரத்துக்குப் போகட்டுமா என்று அவளே கேட்டாள். போனாள். இப்போது பிளஸ் டூ. மேலே என்ன படிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

மாமாவின் மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு, தோப்பு வழியில் அவர் சொன்னதைச் சரோஜாவிடம் சொன்னேன். இத்தனை வருடம் நான் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன்.

"இதைய அப்பன் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றார். "சொல்லியிருந்தா, போகட்டும்னு உட்டிருப்பனே."

மாமாவிடமிருந்து இரண்டு பாடங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். என் மகளிடம் எதைக் கேட்டாலும், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடம் விட்டுக் கேட்பேன். அவளிடம் நான் தவறியது எனக்குத் தெரியவந்தால், வேறு யாரிடமும் அல்ல, அவளிடமே சொல்வேன். முதலாவது அவர் செய்து காட்டியது. இரண்டாவது, பாவம், அவரால் முடியாமல் போனது.