கேட்டுவிட்டுக் காத்திருந்த எட்டு நொடிகள்

கேள்வி கேட்பதைவிட, கேட்டபின் வாயை மூடிக்கொண்டு நிற்பதே ஆசிரியர் தொழிலின் கடினமான பகுதி; கரும்பலகையின் முன் நின்றே கால் வீங்கிய சக ஆசிரியர்களாகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

படப்பிடிப்பு

ஓய்வுபெற்று மூன்றாண்டுகள் ஆகியும் வகுப்பறை ஏக்கம் எனக்குத் தீரவில்லை. எனவே, பள்ளிகளுக்கான அறிவியல் காணொளிகளில் பாடம் நடத்தும்படி கோவையிலுள்ள பொறியாளர் சங்கமொன்று அழைத்தபோது, ஊதியம் வேண்டாமென்றேன். சூலூரில் நான் பணியாற்றிய பள்ளியின் பிள்ளைகள் என்னிடம் மீண்டும் படிப்பார்கள்; அதுவே போதும்.

முதற்பாடம் காற்றழுத்தம். உறிஞ்சுகுழலில் இளநீர் ஏன் மேலே ஏறுகிறது என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல மனத்துக்குள் எட்டுவரை எண்ணினேன். கடைசி வரிசைப் பிள்ளைகள் யோசிக்க அவ்வளவு நேரமாவது வேண்டும். பிறகு, எதிரே பிள்ளைகள் இல்லாவிட்டாலும், "மிகச் சரி" என்றேன். ஒளிப்பதிவாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"டீச்சருங்க, இப்படிச் சும்மா நின்னீங்கன்னா, பாக்கறவங்க டிவி நின்னுபோச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

விலை

சங்கம் எதையும் இலவசமாகத் தருவதில்லை. அப்பள்ளியின் இன்றைய தலைமையாசிரியை வசந்தாமணி என் பழைய தோழி. முன்னாள் மாணவர்களிடம் கையேந்தித்தான் அந்தக் காணொளித் தொகுப்பைப் பள்ளிக்கு வாங்கினாள். வாங்கிய அன்றே தொலைபேசியில் அழைத்தாள்:

"இந்தக் காசுக்கு உன்னையவே நாலு வருசம் ஆட்டோ வெச்சுக் கூட்டியாந்திருக்கலாம் அம்மணி."

சங்க அலுவலகம்

எனக்கும் ஒரு பிரதி வந்தது. நான் கேள்வி கேட்கிறேன். உடனே நான் மறைந்து, தென்னந்தோப்பில் ஒருவர் சிரித்தபடி, தண்ணீரை மேலே ஏற்றுவது தங்கள் நிறுவனத்தின் பம்புதான் என்கிறார். சரியாக எட்டு நொடிகள்.

இவ்வளவு விலை வாங்கியபின் விளம்பரம் எதற்கென்று சங்கச் செயலாளரிடம் கேட்டேன். அவர் காபி வரவழைத்தார். அந்த நிறுவனம் உதவியிராவிட்டால் விலை இன்னும் கூடியிருக்கும் என்று பணிவாக விளக்கினார். பாடத்தின் நடுவில் ஏன் என்றேன்.

"அந்த எட்டு செகண்டு சும்மாதானுங்களே கெடந்துச்சு?"

ஏழாம் வகுப்பு

மனம் கேளாமல் சூலூருக்கே போய், கடைசி பெஞ்சில் அமர்ந்து பார்த்தேன். திரையில் நான் கேள்வி கேட்டேன். விளம்பரம் ஓடி முடிந்ததும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "பம்பு" என்றது. திரையிலிருந்த நான் முகமலர்ந்து, "மிகச் சரி" என்றேன்.

பக்கத்தில் ஒரு சிறுமி மட்டும் வாய் திறக்கவில்லை. உயர்த்திய கையை மெல்ல இறக்கிவிட்டு, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் சொல்றதுக்குள்ள நீங்க எங்கீங்க டீச்சர் போயிர்றீங்க?"

என் மௌனத்துக்கு விளம்பரதாரர் கிடைத்துவிட்டார். அந்தப் பிள்ளையின் விடையைக் கேட்பதற்குத்தான் ஓய்வுபெற்ற எனக்கு ஒரு பாடவேளை கிடைக்கவில்லை.