மைனஸ் எண்பதில் ஒரு பென்சில்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் லேபில் டாக்டர் பரீதா, ஃப்ரீசர் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் ஸ்பிரிட்டில் நனைத்த டிஷ்யூ.

"அண்ணே, எல்லாம் போச்சு லா."

என்ன போனது?

ஜார்ஜ் டவுனில் என் பிழைப்பு பாக்டீரியாவை உறைய வைப்பது என்று முன்பே எழுதியிருக்கிறேன். வளர்த்த கிருமியோடு கிளிசரால் கலந்து, சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில் ஊற்றி, மைனஸ் எண்பது டிகிரியில் வைக்க வேண்டும். கிளிசரால் சேர்க்காவிட்டால் ஐஸ் ஊசி ஊசியாக வளர்ந்து செல்லைக் கிழித்துவிடும். ஒழுங்காகச் செய்தால்... வருடக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கும்.

பரீதாவின் பாக்டீரியா, நிபோங் திபாலில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண்ணில் கிடைத்தது. செம்பனைக் கழிவைச் சீக்கிரம் மக்க வைக்கும். மூன்று வருட உழைப்பு. வரும் திங்கட்கிழமை ஆலைக்காரர்களிடம் ஒப்படைக்காவிட்டால் திட்டமே வேறு குழுவுக்குப் போய்விடும்.

குப்பிகளில் பனி படிந்து பெயர் தெரியவில்லையாம். ஸ்பிரிட்டால் துடைத்திருக்கிறார். பனியோடு மார்க்கர் மையும் போய்விட்டது! நாற்பது குப்பிகள், அவருடையது ஒன்றே ஒன்று; இப்போது நாற்பதும் ஒரே வெள்ளை. ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

நான் சிரித்தேன். அவர் முறைத்தார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் — லேபிளின் ஓரத்தில் பென்சிலால் பொடியாக ஒரு நம்பர் போட்டுவிட்டுத்தான் மார்க்கரையே எடுப்பேன். "என்ன அண்ணே, ஸ்டாண்டர்ட் ஒன் பிள்ளைங்க மாதிரி?" என்று கேலி செய்ததே இந்த டாக்டர்தான். ஸ்பிரிட் பென்சிலை ஒன்றும் செய்யாது.

வெளிச்சத்தில் ஒவ்வொரு குப்பியாகத் திருப்பிப் பார்த்தேன். இருபத்தேழு! என் நோட்டில் இருபத்தேழாம் நம்பர்: பரீதா, செம்பனை.

பெயர் கிடைத்தது. உயிர் இருக்குமா? துடைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் குப்பிகள் மேசைமேல்தானே கிடந்தன. மேலாகக் கொஞ்சம் சுரண்டி, கிருமி வளர்க்கும் தட்டில் கோடு கோடாக இழுத்து, இதமான சூட்டில் வைத்தோம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை தட்டைத் திறந்தால்... வரிசை வரிசையாக வெண்ணெய் நிறப் புள்ளிகள், அத்தனையும் உயிரோடு. வெட்கம் என்ன, இரண்டு கையையும் தூக்கி ஆடியே விட்டேன். பரீதா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்டாண்டர்ட் ஒன் பாஸ் லா, அண்ணே."

மதியம் ஆயர் ஈத்தாமில் லக்சா நூடுல்ஸ், டாக்டர் செலவு. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். விலை உயர்ந்த மெஷின்கள் அத்தனை இருந்தும் மானத்தைக் காப்பாற்றியது ஒரு துண்டுப் பென்சில் என்றால், கர்வப்படாமல் எப்படி இருப்பது?

அந்தப் பென்சில் இப்போது டாக்டரின் கோட் பையில் இருக்கிறது. திருப்பித் தருவதாகத் தெரியவில்லை.