பூசை மாடத்தில் ஆடு வளர்ப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷம் யோசித்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் நான். கோர்வையாக எழுத வராது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. எங்கள் மாதா கோயில் ஆட்கள் ஒன்றை எழுதிப் பிறரிடம் கொடுத்தால் அது அற்புதமாக இருக்கும். கட்டி கரைந்தது, கல்யாணம் கூடி வந்தது, விசா கிடைத்தது என்று எழுதுவார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. மைக்கைப் பிடித்ததும் அளவுக்கு மீறிப் பேசினேன், அதனால் தெருத் தெருவாக அலைந்தேன், அவ்வளவுதான். ஆனாலும் அந்த அலைச்சலில் மாதா கூடவே நடந்தாள் என்று மனதார நம்புகிறேன். அதனால் எழுதுகிறேன்.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற பக்கம், கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். மூலக்குளத்தில் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பம் ஒரு குட்டியானை வண்டி நிறையப் புத்தகங்களைக் கோயிலுக்கு அனுப்பிவைத்தது. பங்குச்சாமியார் அவற்றைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் பொறுப்பு எடுத்தா நூலகம் வைக்கலாம்" என்றார். கை தூக்கியது இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா. சம்பளம் இல்லாத வேலை என்றால் அக்காவுக்கு ஒரு தனி வேகம் வரும்.

கோயிலுக்குப் பின்னால் தேர்ச் சாமான் போட்டுவைத்திருந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள். இதில்தான் சிக்கல். தேர்க் கமிட்டித் தலைவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர். தேரின் தூண்கள், சீரியல் லைட்டு, மரத்தில் செய்த இரண்டு சம்மனசுகள், அதாவது தேவதூதர் சிலைகள், எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. நான் ஜாக்கெட் தைக்கும்போது இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு ஒரு சம்மனசு இறக்கை விரித்து நிற்கும். அளவு கொடுக்க வருகிற பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

"என் தேரு வூட்டுல கெடக்குது, உன் பொஸ்தகம் ஃபேன் காத்துல தூங்குது" என்பார் அவர், தினமும்.

நான் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பேன். அந்த அறை எனக்கு வேண்டும். புதன்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் மனுக்களை நிரப்பித் தந்தோம். சனிக்கிழமை சாயந்திரம் பிள்ளைகளுக்குக் கதை படித்தோம். அந்த அறை வாசலில் நின்றுதான் ஒரு அம்மாள் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

இனி என் தப்புக்கு வருகிறேன். புத்தகங்கள் கிழிந்துபோகாமல் இருக்க எல்லாவற்றுக்கும் நீலத்தாளில் அட்டை போட்டேன், மாதாவின் போர்வை நிறம் என்று. அட்டை மொட்டையாக இருக்கிறதே என்று முன்பக்கத்தில் ஒரு மாதா படமும் ஒட்டினேன். அட்டை மேல் எண் மட்டும் போட்டு, புத்தகத்தின் பெயரை உள்பக்கத்திலும் நோட்டிலும் எழுதினேன். திறப்பு நாளில் சாமியார் எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அதோடு விட்டிருக்கலாம். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "இந்தப் புத்தகம் உங்க வீட்டுக்கு வந்தா, மாதாவே வந்த மாதிரி!" என்று சொல்லிவிட்டேன். கைதட்டல் கூரையைத் தொட்டது.

பத்தே நாளில் அலமாரி காலி. கோயிலுக்கு வந்து மெழுகுவத்தி ஏற்றுகிற இந்துக் குடும்பங்களும் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். ஊரே படிக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. ஒரு புத்தகமும் திரும்பவில்லை.

சாமியார் வந்து வெறும் பலகைகளைப் பார்த்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையில் அளவு டேப்போடு. என் டேப்.

"இன்னாம்மா, ஒண்ணுமே இல்லையே?" என்றார் சாமியார்.

"எல்லாம் படிக்கிறாங்க சாமி."

"படிச்சா திரும்பி வரணுமே. கொடியேத்தத்துக்குள்ள அலமாரி நெறையட்டும். இல்லனா அறைய தேருக்கே குடுத்துடுவோம்."

திருவிழாக் கொடியேற்றத்துக்கு ஆறு வாரம் இருந்தது. நானும் அக்காவும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினோம்.

முதல் வீடு கரும்பு போடுகிற ஒரு குடும்பம். அந்த அம்மாள் எங்களைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பூசை மாடத்தில் முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவே எங்கள் நீல அட்டைப் புத்தகம். மாதா நெற்றியில் சந்தனம், குங்குமம். சுற்றிலும் கனகாம்பரச் சரம்.

அக்கா மெதுவாக, "படிச்சீங்களாம்மா?" என்றார்.

"அய்யய்யோ, பிரிக்கலாமா? சாமி பொருளாச்சே! அது வந்த பொறகுதான் பசு கன்னு போட்டுச்சி."

நான் நோட்டைப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு நேராக என் கையெழுத்திலேயே இருந்தது: ஆடு வளர்ப்பு. அக்காவிடம் காட்டினேன். அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"அத திருப்பித் தரணும்மா" என்றேன்.

"வெள்ளிக்கெழமயா? வெளக்கு வச்ச வூட்டுலேருந்து சாமிய தூக்கி வெளிய குடுக்கறதா? நல்லா இருக்குதே!"

சனிக்கிழமை போனோம், வீட்டில் நாத்தனார் மாசமாக இருக்கிறாள், இப்போது வேண்டாம் என்றார். எங்கள் கோயில் ஆட்களின் வீடுகளும் அப்படித்தான் இருந்தன. ஒரு வீட்டில் பீடத்தில் மெழுகுவத்திக்கு நடுவே மோட்டார் ரிப்பேர் புத்தகம். இன்னொரு வீட்டில் பத்தாம் வகுப்புக் கணக்குக்குத் தினமும் செபமாலை. "எங்கூட்டு மாதாவ நீ எப்பிடி கேக்கலாம்?" என்று ஒரு பெரியம்மா சண்டைக்கே வந்துவிட்டார். மைக்கில் நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொன்னார்கள்.

மூன்று வாரம் அலைந்து கையில் வந்தது இரண்டு புத்தகம். இரண்டும் என் வீட்டில் இருந்தவை.

நாலாவது தடவை கரும்புக்காரர் வீட்டுக்குப் போனபோது, அந்த அம்மாளுக்கே எங்கள் மேல் பாவமாகிவிட்டது. மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கேக்கறது தப்பு. கடன் கேக்க வந்த மாதிரி நோட்ட தூக்கிகினு வந்தா யாரு குடுப்பா? உங்க மாதா செல தெருவுல வரும் பாரு, ஒரு வூட்டுலேருந்து இன்னொரு வூட்டுக்கு? அதுமாதிரி வந்து அழச்சிகினு போங்க. சந்தோஷமா அனுப்பறேன்."

மாதாவின் வணக்க மாதமான மே மாதத்தில் அவள் சுரூபம், அதாவது சிலை, எங்கள் ஊரில் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு ராத்திரி தங்கும். மறுநாள் சாயந்திரம் பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். மாதாவை அனுப்பமாட்டேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அடுத்த வீட்டார் காத்துக்கொண்டு இருப்பார்களே!

மறுநாளே மெழுகுவத்தி, பாட்டு சகிதமாக ஆடு வளர்ப்பை அழைக்கப் போனோம். அந்த அம்மாள் கற்பூரம் காட்டி, கண் கலங்கி எடுத்துக் கொடுத்தார். கூடவே அடுத்த வீடு வரை நடந்தும் வந்தார். அந்த வீட்டு வாசலில் மருமகள் இரண்டு கையையும் நீட்டினாள். அப்போதுதான் அக்கா குறுக்கே வந்தார். முப்பது வருஷம் வார்டில் அதட்டிய குரல்.

"இரு. ரெண்டு பக்கம் சத்தமா படிச்சாத்தான் உள்ள வரும். அதான் மொற."

அப்படி ஒரு முறை அதுவரை கிடையாது. ஆனால் அக்கா சொன்ன விதத்தில் எனக்கே இருப்பதாகத் தோன்றியது. மருமகள் புத்தகத்தைப் பிரித்து, செபம் சொல்கிற ராகத்தில் படித்தாள். "ஆட்டுக்குக் கழிச்சல் கண்டால் முதலில் தீவனத்தை நிறுத்த வேண்டும்." முடித்ததும் கூட்டம் மொத்தமும் "ஆமென்" என்றது.

ஒரு வாரத்துக்குள் எல்லாத் தெருவிலும் புத்தகம் நடக்க ஆரம்பித்தது. படித்தால்தான் உள்ளே வரும் என்பதில் பெண்கள் கறாராக இருந்தார்கள். கணக்குப் புத்தகம் வந்த வீட்டில் மட்டும் அப்பன்காரர் வாசலில் வியர்த்து நின்றார்.

கொடியேற்றத்துக்கு நாலு நாள் முன்னால் அக்கா சொன்னார்: "இப்ப கூப்பிட்டா எல்லாம் வரும். மாதா கோயிலுக்கு வரச் சொன்னாங்கன்னு சொல்லு. ஒரே நாள்ல அலமாரி நெறஞ்சிடும். அறை நமக்குத்தான்."

உண்மைதான். அதைச் சொல்லத்தான் ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். நடுவில் கரும்புக்கார அம்மாள், ஆட்டுக் குளம்பைப் பற்றிப் படித்தவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"பொஸ்தகத்துல போட்டா சரியாயிடுமா? எங்க ஆட்டுக்கு நான் வேற மாதிரி பண்ணேன். அந்தப் பக்கத்த இன்னொரு வாட்டி படிடி."

மாடத்தில் பிரிக்காமல் வைத்திருந்தவர் கேட்கிறார், இன்னொரு வாட்டி என்று. கூப்பிட்டு அலமாரியில் அடுக்கினால் மறுபடி யார் எப்போது எடுப்பார்கள்? நான் ஒன்றும் சொல்லாமல் மோர் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அறைச் சாவியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"நெசமாவா?" அவருக்குச் சந்தோஷமே வரவில்லை. "சாமி உன்ன திட்டுனாரா?"

"யாரும் திட்டல. அறை உங்களுக்கு. ஆனா சம்மனசுங்க ரெண்டும் இன்னிக்கே கெளம்பணும்."

அன்று சமையல் கட்டில் கொஞ்ச நேரம் அழுதேன், அதை மறைக்க வேண்டியதில்லை. மறுநாள் சாமியாரிடம் அலமாரி காலியாகத்தான் இருக்கிறது என்று சொன்னேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "எங்க தெருவுக்கு மோட்டார் ரிப்பேரு எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார்.

மனு எழுதுவது இப்போது என் தையல் மிஷின் பக்கத்தில் நடக்கிறது. இடம் தாராளமாக இருக்கிறது.

படிப்பவர்களிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். இதை நாலு பேருக்குக் கொடுங்கள், ஆனால் இருக்கிறபடியே கொடுங்கள். தவளக்குப்பத்தில் ஒருவர், மாதா என் கனவில் வந்து வழி சொன்னதாகச் சேர்த்துச் சொல்கிறாராம். வரவில்லை. வந்திருந்தால் மைக்கைப் பிடித்த அன்றே வந்து என் வாயைப் பொத்தியிருப்பாள். எனக்காகக் கூட்டவும் வேண்டாம், என் மானத்துக்காகக் குறைக்கவும் வேண்டாம்.