பதினெட்டு கிராம் ஹரோல்ட்டு

எங்க ஊரிகம் தங்க மைன்ஸ் லைன் வூடுங்கள்ல பக்கத்து வூட்டு ஹரோல்ட்டு எத்தயும் எடை போடாம நம்பமாட்டான். அவன் பொண்ணு லவினா பொறந்தப்போ நர்ஸம்மா வந்து, கொழந்த மூணு கிலோன்னு சொல்லிச்சு. இவன், "உங்க தராசு சரியா கீதாம்மா?"ன்னு கேட்டான். அந்தம்மா கொழந்தயக் கைல குடுக்காம மொறச்சிக்கினு நின்னுச்சு.

வேல அப்பிடி. மைன்ஸ்ல அஸே ஆபீஸ்ல இருந்தவன். கீழ லெவல்ல இருந்து வர்ற கல்லுல தங்கம் எவ்ளோ கீதுன்னு பொடி பண்ணி, எடை போட்டு, உருக்கிப் பாக்கற எடம் அது. உள்ள போன எடையும் வெளிய வர்ற எடையும் ஒண்ணா இருக்கணும். கொறஞ்சா எவனோ கைய வச்சிட்டான்னு அர்த்தம். ஏறுனா அதவிட மோசம். நேத்து அரச்சது இன்னிக்கி அரச்சதோட கலந்துடுச்சு, அந்தக் கல்லே பொய் சொல்லுதுன்னு அர்த்தம்.

மைன்ஸ் மூடனப்போ அவனுக்கு வயசு முப்பத்திரண்டு. அப்பால விடியக்காலைல ரயிலப் புடிச்சு பெங்களூர் போய், மருந்துக் கம்பெனில மருந்துப் பொடி எடை போட்டான். இருவத்து மூணு வருஷம் ரயில்லயும் நின்னான், தராசு முன்னாலயும் நின்னான். போன வருஷம் ரிட்டயர்டு ஆகி வூட்ல குந்தனான். எடை போட ஒண்ணும் இல்ல. பொண்ணயும் ஓசூர்ல கட்டிக் குடுத்தாச்சு. ஒரு மாசம் ரேஷன் அரிசிய எடை போட்டான். அந்தக் கடக்காரன் இவனப் பாத்தாலே ஷட்டர எறக்க ஆரம்பிச்சான்.

கம்பெனில கூட இருந்த பிரதாப்னு ஒரு ஆபீசரு, ரிட்டயர்டுக்குப் பரிசா ஒரு பழைய எஸ்பிரஸ்ஸோ காப்பி மெஷினக் குடுத்திருந்தாரு. ஒருநாள் காருல வந்து பாத்துட்டு, "அங்கிள், மெஷின்ல ஒண்ணும் இல்ல. அரைக்கறதுலதான் எல்லாம் கீது. டப்பா நெறைய காப்பிக் கொட்டயப் போட்டு வச்சி அரைக்கற மெஷின் வேணாம். ஒரு தடவைக்கு எவ்ளோ வேணுமோ அத்த மட்டும் எடை போட்டு அரைக்கற மெஷின் வாங்குங்க. பதினெட்டு கிராம் போட்டா பதினெட்டு கிராம் வரணும்"ன்னாரு.

ஹரோல்ட்டு எழுந்து நின்னுட்டான். "இன்னா சார் சொன்னீங்க? இன்னொரு தபா சொல்லுங்க"ன்னான். இவ்ளோ நாளு இத்தக் கேக்கத்தான் உசுரோட இருந்த மாதிரி அவன் மூஞ்சி.

பிரதாப்பு தெரிஞ்ச கடைல பேசி ரெண்டு அரைக்கற மெஷின் அனுப்பிச்சாரு. ஒண்ணு கறுப்பு, நெட்டயா இருக்கும். ஒண்ணு வெள்ள, குட்டை. பத்து நாளு ரெண்டயும் வச்சிப் பாத்துட்டு, சனிக்கெழம ஒண்ணத் திருப்பிக் குடுத்துடணும். குடுக்கறது புதுசு மாதிரியே இருக்கணும்.

லைன் வூட்டு சமையக்கட்டு எவ்ளோ பெருசு? நாலு மொழம். ரெண்டு மெஷினு, எஸ்பிரஸ்ஸோ மெஷினு, தராசு, அது பக்கத்துல ரெஜிஸ்டரு. எடம் பத்தலன்னு லூயிசாவோட மிக்ஸிய பரண்ல ஏத்திட்டான். அவ பித்தள ஃபில்டரு ஜன்னல் மேல போயிடுச்சு. லூயிசா அவன் பொண்டாட்டி. காலைல ஒரு டம்ளரு ஃபில்டர் காப்பி உள்ள போகாம அவ வாயத் தொறக்கமாட்டா. தொறந்தா நாம ஓடணும். என் வீட்டுக்காரரு போனதுல இருந்து நானும் அங்கதான் காப்பி குடிக்கறேன். ஆக, நஷ்டம் எனக்கும்தான்.

மூணாம் நாளு போனேன். ஹரோல்ட்டு கொட்டய எண்ணாத கொறையா எடை போட்டான். ஒரு சின்ன பாட்டில எடுத்து அது மேல தண்ணியப் பீச்சனான்.

"இன்னாத்துக்குடா தண்ணி?"

"தூசி பறக்காது பெரிம்மா. பொடி மெஷின்ல ஒட்டிக்காது."

"கொட்டைக்கு இவ்ளோ மரியாதயா? என் வீட்டுக்காரருக்கு யாரும் இப்பிடிப் பாத்துப் பாத்துப் பீச்சல. நெஞ்சு பூரா மைன்ஸ் தூசியோடதான் போனாரு."

அவன் பாட்டில மெதுவா கீழ வச்சான். அப்பால மெஷினப் போட்டான். அரச்சு முடிச்சதும் அத்தத் தலகீழா கவுத்து முதுகுல தட்டனான். வாய்ல பிரஷ்ஷ வுட்டு நோண்டனான். ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவன மைன்ஸ் கேட்ல நிறுத்தித் தடவிப் பாப்பாங்களே, அதே தடவல். அப்பால எடை போட்டு ரெஜிஸ்டர்ல எழுதனான்.

"வெள்ள பதினேழு புள்ளி ஆறுதான் குடுக்குது பெரிம்மா. தெனமும் புள்ளி நாலு முழுங்குது. கறுப்பு போட்டத அப்பிடியே குடுக்குது."

"அப்போ கறுப்ப வச்சிக்கோ. முடிஞ்சுதில்ல?"

"வெள்ளயில ருசி நல்லா கீதே!"

ரெண்டு காப்பி குடுத்தான். சர்ச்சுல ராப்போஜனத்துக்குத் திராட்ச ரசம் குடுப்பாங்களே, அந்த அளவு. "சொல்லுங்க, வெள்ளயில பூ வாசன வருதா? கறுப்புல சாக்லேட்டு?"ன்னான்.

"அப்போ ரெண்டுலயும் காப்பி வாசன கெடயாதா?"ன்னேன். அத்தயும் எழுதிக்கினான்.

எட்டாம் நாளு வரைக்கும் இதே கூத்து. லூயிசா வூட்ல ரசம் இல்ல, சட்னி இல்ல, முக்கியமா காப்பி இல்ல. ஹரோல்ட்டு பேப்பர்ல கோடு போட்டு ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளன்னு எழுதறான், அடிக்கறான். "திருடன் ருசியா போடறான், யோக்கியன் கசக்கறான், நான் இன்னா பண்றது?"ன்னு அழுவாத கொறையா கேட்டான்.

"இருவத்தெட்டு வருஷமா நான் கசப்பத்தான் குடிச்சிக்கினு கீறேன், இன்னா ஆயிட்டேன்?"ன்னா லூயிசா. "ஏங்க, நல்லா கேட்டுக்குங்க. சனிக்கெழம ஒரு மெஷினு இந்த வூட்ட வுட்டுப் போகணும். ரெண்டும் இங்கயே இருந்தா நான் போறேன், ஓசூருக்கு. லவினாகிட்ட சொல்லிட்டேன். பை கட்டி வச்சாச்சு."

வெளயாட்டுன்னு நெனச்சேன். கட்டிலுக்குக் கீழ குனிஞ்சி பாத்தேன், பை நெஜமாவே கீது. பைபிளு, கண்ணாடி, கம்பளி எல்லாம் உள்ள. ஹரோல்ட்டும் பாத்தான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. ஆனா வெள்ளிக்கெழம காலைல, "கடைசியா ஒரே ஒரு டெஸ்ட்டு, நல்ல பிரஷ்ஷா வாங்கியாறேன்"ன்னு ராபர்ட்சன்பேட்டைக்குக் கெளம்பிட்டான். பொண்டாட்டி போறா, இவன் பிரஷ் வாங்கப் போறான்.

அன்னிக்கு எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. ஒரு கைப்பிடி மொளகு எடுத்துக்கினு போனேன்.

"லூயிசா, மிக்ஸில ஒரு சுத்து சுத்திக் குடும்மா."

அவ பரணப் பாத்தா. அப்பால ரெண்டு மெஷினயும் பாத்தா.

"எதுல போடலாம் பெரிம்மா?"

"வெள்ளயில வேணாம், அது முழுங்கும். கறுப்புல போடு, அது யோக்கியன்"ன்னேன். நெஜமாவே அப்பிடித்தான் சொன்னேன்.

மாவு மாதிரி அரச்சிக் குடுத்துச்சு. அவன் தண்ணி பீச்சறானே, நாம இன்னாத்துக்குன்னு அப்பிடியே போட்டோம். ரெண்டு பேரும் தும்மனோம். லூயிசா ஒரு துணியால தொடச்சி, மெஷின அதே எடத்துல வச்சா.

சனிக்கெழம பத்து மணிக்கு பிரதாப்பு வர்றதா பேச்சு. எட்டு மணிக்கே ஹரோல்ட்டு கடைசி டெஸ்ட்டு ஆரம்பிச்சான். வெள்ள வழக்கம்போல புள்ளி நாலு முழுங்குச்சு. அப்பால கறுப்பு. பதினெட்டு போட்டான். தராசுல பதினெட்டு புள்ளி மூணு வந்துச்சு.

அவன் தராசத் தொடச்சி மறுபடியும் வச்சான். பதினெட்டு புள்ளி மூணு. அஸே ஆபீஸ்ல இருந்து கொண்டாந்த பித்தள எடைக்கல்ல வச்சிப் பாத்தான். தராசு மேல தப்பில்ல.

"ஏறிடுச்சு"ன்னான். "லூயிசா, ஏறிடுச்சு!"

"ஏறுனா நல்லதுதான, இன்னும் கொஞ்சம் காப்பி வரும்."

"உனக்குத் தெரியாது. ஏறவே கூடாது. வேற ஏதோ கலந்துகீது." காப்பிய எறக்கி ஒரு வாய் குடிச்சான். கண்ணு தண்ணி கட்டிக்கிச்சு. இருமனான். மெஷின்ல மூக்க வச்சி மோந்து பாத்தான். "மொளகு!"

"என் மொளகுடா"ன்னேன். "மிக்ஸிய பரண்ல ஏத்தனது யாரு?"

பொத்துன்னு குந்தனான். பிரஷ்ஷால நோண்டனான், அரிசியப் போட்டு அரச்சான், வாசன போகல. காப்பிக்கு யோக்கியனா இருந்தது மொளகுக்கு அப்பிடி இல்ல. "இத்த எப்பிடிப் புதுசுன்னு திருப்பிக் குடுக்கறது?"ன்னான்.

"அப்போ வெள்ளயக் குடுத்தனுப்புங்க"ன்னா லூயிசா. "அவ்ளோதான். பத்து நாளு இதுக்கா?"

இங்க ஒண்ணு சொல்லிடறேன். நான் கொண்டுபோனது ஒரு கைப்பிடி மொளகு. லூயிசா அரச்சது ரெண்டு கைப்பிடி. ரெண்டாவது அவ டப்பாவுல இருந்து எடுத்தது. எனக்கு ஒண்ணு போதும்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிரதாப்பு வந்தாரு. வெள்ளயப் பொட்டில வச்சி காருல ஏத்தனாரு. போறதுக்கு முன்னால கறுப்புல அரச்ச காப்பி ஒண்ணு குடிச்சாரு. வாய்ல வச்சி, கண்ண மூடி, தொண்டைல நிறுத்தி, "சூப்பரு அங்கிள்! கடைசில லேசா மொளகு மாதிரி ஒண்ணு வருது பாருங்க, அதுதான் கிளாஸு. எந்த எஸ்டேட்டு கொட்ட?"ன்னாரு.

எடை விஷயத்துல ஜென்மத்துக்கும் பொய் சொல்லாதவன் ஹரோல்ட்டு. இதுக்கு அவன் பொண்டாட்டியப் பாத்தான்.

"இதே ஊரிகம்தான் தம்பி. பக்கத்து வூட்டு எஸ்டேட்டு"ன்னா லூயிசா.

காரு போனதும் மிக்ஸி எறங்குச்சு. கம்பளி பையில இருந்து வெளிய வந்துச்சு, அப்பால பைபிளு, கண்ணாடி. லூயிசா ஃபில்டர ஜன்னல் மேல இருந்து எடுத்துக் கழுவனா. டப்பாவுல இருந்து காப்பிக் கொட்டயக் கைல அள்ளி கறுப்புல போட்டா.

"எவ்ளோ போட்ட?"ன்னான் ஹரோல்ட்டு.

"ரெண்டு கை."

"ரெண்டு கைன்னா எவ்ளோ?"

"ரெண்டு கைன்னா ரெண்டு கை."

அவன் கண்ண மூடிக்கினான். மெஷினு சுத்துச்சு. எனக்கு டம்ளரு நெறைய காப்பி வந்துச்சு. மொளகு வாசன வந்துச்சுதான், ஆனா தொண்டைக்கு நல்லா இருந்துச்சு.