கைப்பிடி மாட்டப் போன வீடுகள்

வயசானவர்கள் வீட்டுக்குள் விழாமல் நடமாட வீட்டைத் திருத்தித் தருவது என் தொழில். பெரம்பலூரிலும் அரியலூரிலும் இதைத் தொழில் என்று நம்பவைப்பதே பாதி வேலை.

சிவில் டிப்ளமா படித்தவள் நான். வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ போன் செய்வார்கள். நான் போய் வீட்டைப் பார்ப்பேன். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரையும் பிடித்து வந்து, முடியும்வரை கூடவே நிற்பேன். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, சக்கர நாற்காலிக்குச் சரிவு, இதெல்லாம்தான் வேலை. கொத்தனார் ஆரோக்கியம் மட்டும் ஆரம்பத்திலிருந்து என்னோடு இருக்கிறார். வீட்டில் ஒரு தடவையாவது ஆள் விட்டு வேலை பார்த்தவர்களும், "பாத்துப் போங்கப்பா" என்று சொல்லி அப்பாவிடம் திட்டு வாங்கியவர்களும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

புதுப் பெயின்ட்

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது சுவரைத்தான். தடுமாறி நடக்கிறவர்கள் இருக்கும் வீட்டில், கை படும் இடமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருக்கும். ஒருவர் ஃபிரிட்ஜ் விளிம்பைப் பிடிப்பார், இன்னொருவர் அரிசி டிரம்மைப் பிடிப்பார். கை எங்கே போகிறதோ அங்கேதான் கம்பி போகவேண்டும். அந்தக் கறையைத் தேடிக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு தனி ருசி.

அரியலூரில் ஒரு வீட்டில் அந்த ருசிக்கு வழியில்லாமல் போனது. வெளி ஆள் வருகிறாரே என்று மருமகள் முந்தின வாரமே சுவர் முழுக்கப் பெயின்ட் அடித்துவிட்டார். சரி, நடந்தாவது காட்டட்டும் என்று மாமியாரைக் கேட்டேன். அந்தம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு, எதையும் தொடாமல், குடியரசு தின அணிவகுப்பு மாதிரி பாத்ரூம்வரை போய்த் திரும்பினார். "எங்க அத்தை இப்புடி நடந்து நான் பாத்ததே இல்லிங்க" என்று மருமகள் வாயைப் பிளந்தார்.

காபி கேட்டு உட்கார்ந்துவிட்டேன். பேச்சு முந்திரி விளைச்சல், கல்யாணம் என்று எங்கெங்கோ போனது. நடுவில் அந்தம்மா என்னை மறந்து எழுந்தார். கை முதலில் நாற்காலி முதுகுக்குப் போனது, பிறகு கதவு நிலைக்கு, பிறகு புதுப் பெயின்டுக்கு. பின்னாலேயே போய்ப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தவர் வெட்கத்தோடு சிரித்தார். "புதுசா ஆளு வந்தா காலுக்குக்கூட ரோசம் வந்துடுதும்மா."

நாலு ரோட்டில் ரயில்

பிளம்பருக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரம்பலூரில் ஒரு வீட்டில் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பிளம்பர் திரும்பவே இல்லை. வீட்டுக்காரப் பெரியவர் பக்கத்து வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருந்தார். போன் போட்டேன். "அக்கா, நாலு ரோட்டுலதான் நிக்கிறேன், தோ வந்துட்டேன்" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் மணி அடித்தது. திருச்சி போகும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் வரும் என்று ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது.

நாலு ரோடு இருப்பது பெரம்பலூரில், அந்த ஊருக்கு ரயிலே கிடையாது, பஸ்தான். ஆள் அரியலூர் ஸ்டேஷன் பக்கம் வேறொரு வேலையில் இருக்கிறான். "நாலு ரோட்டுக்கு எப்படா ரயில் வந்துச்சு?" என்று கேட்டேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் அடுத்து என்ன சொல்வான் என்று எனக்குக் கோபத்தைவிட ஆவல்தான் அதிகமாக இருந்தது. அந்த ஆவலைப் பிளம்பர் ஏமாற்றவில்லை. "ரயிலு வரப்போவுதுன்னு எல்லாரும் பேசிக்கிறாங்கல்லக்கா, அதான்."

எந்தப் பக்கம் பார்த்து

லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீடு. மகன் துபாயில் இருக்கிறார். முழங்கால் மடக்க முடியாத தாயாருக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கச் சொல்லி, வீடியோ காலிலேயே நின்று மேற்பார்வை பார்த்தார். "போனை இன்னும் கீழ காட்டுங்க சிஸ்டர்" என்று டைல்ஸ் இடுக்கைக்கூட விடவில்லை. வெளியே குழாய் போகும் வசதியைப் பார்த்து ஆரோக்கியம் கிழக்குச் சுவரில் அடையாளம் போட்டார். வாசலில் நின்ற தாயார் ரஹ்மத் பீவி, "உக்காந்தா மொகம் எந்தப் பக்கம் இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஆரோக்கியம் "மேக்கால" என்றார். அந்தம்மா சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார்.

அந்தப் போக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னாலேயே போய்க் கேட்டேன். "மேக்க கிப்லாம்மா, நாங்க தொழுவுற தெசை. அந்தப் பக்கம் பாத்தும் உக்கார மாட்டோம், முதுவு காட்டியும் உக்கார மாட்டோம்" என்றார். குழாயைச் சுற்றிக் கொண்டுபோகத் தரையைக் கூடுதலாக உடைக்கவேண்டி வருமே, மகனுக்குச் சிரமமாச்சே என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியே மாட்டியிருந்தால் அது ஜோராக அங்கே நின்றிருக்கும். இவர் அந்த முழங்காலோடு கொல்லைப்பக்கத்துப் பழைய கக்கூஸுக்கே போய்க்கொண்டிருந்திருப்பார்.

தெற்குச் சுவருக்கு மாற்றிப் போட்டோம். போனில் மகன், "எனக்கே தோணலியே உம்மா" என்று வருத்தப்பட்டார். ரஹ்மத் பீவி போனைக் கையில் வாங்கிக்கொண்டார். "நீ மக்காவுக்குக் கிட்டக்க இருக்கேன்னுதான் பேரு தம்பி, நம்ம வூட்டுல அது எந்தப் பக்கம்னு நான்தான் சொல்ல வேண்டியிருக்கு."

யாருக்கு இந்தக் கம்பி?

ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கூப்பிட்டார். "என் சம்சாரத்துக்குக் கால் தடுமாறுது. பாத்ரூம்ல ஒரு கம்பி வேணும். எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார். அன்று சாயங்காலமே அவர் மனைவி தனியாக அழைத்தார். "கம்பி அவருக்குத்தாங்க. சொன்னா கோவிச்சுக்குவாரு. எனக்குன்னே இருக்கட்டும்."

அவர் பனைமரம் மாதிரி உயரம், அந்தம்மா அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். படுக்கைவாட்டில் மாட்டினால் யாராவது ஒருவருக்குத்தான் சரியாக இருக்கும். நெட்டுக்குத்தாக ஒரு நீளக் கம்பி மாட்டச் சொன்னேன். அவரவர் உயரத்துக்கு அவரவர் பிடித்துக்கொள்ளலாம். ஏன் இப்படி என்று இருவருமே கேட்கவில்லை.

கிளம்பும்போது அவர் என்னை ஓரமாக அழைத்தார். அவள் பார்க்காதபோது தானும் கொஞ்சம் பிடித்துக்கொள்வதாகவும், அதைச் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். தலையாட்டிவிட்டு கேட்வரை வந்தேன். முருங்கைக்காய் கொடுக்கும் சாக்கில் அந்தம்மா பின்னாலேயே வந்து காதோரம் சொன்னார். "அவரு பாத்ரூம் போறப்ப நான் அடுப்படிக்குப் போயிருவேன், கூச்சமில்லாம புடிச்சுக்கட்டும்."

உள்பக்கமாகத் திறக்கும் கதவு

பாத்ரூம் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். முக்கால்வாசிப் பேர் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள். வேப்பந்தட்டையில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், மகள் வற்புறுத்தியதால் மாற்றச் சம்மதித்தார். அளவெடுக்க நானும் ஆரோக்கியமும் காலையில் போனோம். வாசல் கதவு திறந்திருந்தது. ஹாலில் ஃபேன் ஓடுகிறது, ஆளைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தேன். பின்பக்கத்திலிருந்து, "இங்க இருக்கேன். விழுந்துட்டேன்" என்று ஒரு குரல் மெதுவாக வந்தது.

பாத்ரூமுக்குள், கதவின் மேலேயே கால் மோத விழுந்து கிடந்தார். தாழ்ப்பாள் போடவில்லை. ஆனால் நாங்கள் தள்ளத் தள்ளக் கதவு அவர் காலை நசுக்கியது. உள்ளங்கை நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பிளாஸ்டிக் கதவுதான், மேல்பாதியை அறுத்துவிடலாம் என்று ஆரோக்கியம் வண்டியிலிருந்து கட்டிங் மிஷினை எடுத்து வந்தார். மிஷின் ஓடிய சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து, "நிறுத்துங்க! யாரு அது, ஆம்பளையா? நான் குளிச்சுக்கிட்டிருந்தேன்!" என்று அலறல். என் துப்பட்டாவை உருவி அந்த இடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன். அவர் இழுத்துப் போர்த்திக்கொள்ளும்வரை நின்றோம். விழுந்து கிடந்தவர் குரலில் நடுக்கமே இல்லை. "ம், இப்ப ஆகட்டும். மேஸ்திரி, கண்ண மூடிக்கிட்டு அறுங்க" என்றார். ஆரோக்கியம் நிஜமாகவே ஒரு நொடி கண்ணை மூடினார், நான்தான் அவர் தோளில் தட்டினேன். மேல்பாதி கையோடு வந்ததும் ஏறிக் குதித்து, அவர் காலை நகர்த்தி, கதவைத் திறந்தோம். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் என் கையை விடவே இல்லை.

கணுக்காலில் எலும்பு விரிசல். மாவுக்கட்டோடு வீடு திரும்பியபோது வெளிப்பக்கமாகத் திறக்கும் புதுக் கதவு தயாராக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன டீச்சர் யோசனை என்று கேட்டேன். "பழைய கதவு ஏன் உள்பக்கமாத் தொறக்குதுன்னு இத்தன வருஷத்துல நான் ஒருநாள்கூட கேக்கல பாருங்க, கேள்வி கேளு, கேள்வி கேளுன்னு புள்ளைங்களத்தான் அடிச்சேன்."

தாழ்ப்பாள் உயரம்

ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பக்கவாதத்தில் ஒரு கால் விழுந்துவிட்டதால் பெரியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். வாசலைத் தாண்ட முடியாமல் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசுகிற நிலைப்படியை எடுக்க அவர் மனைவி சம்மதிக்கவில்லை. நிலைப்படியைத் தொடாமல் அதன் இரண்டு பக்கமும் சரிவு போட்டுக் கொடுத்தோம். எல்லாருக்கும் சந்தோஷம்.

கொஞ்ச நாளில் அந்தம்மா போனில் கத்தினார். போய்ப் பார்த்தால் வீட்டில் பெரியவர் இல்லை. சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம், டீக்கடையில் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். "நீங்க சரிவு போட்டீங்க, இவரு தெனம் ஓடிப்போறாரு. லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியுமா இந்த நாற்காலி? மொதல்ல ஒரு கேட் போடுங்க" என்று அந்தம்மா கண் கலங்கினார். அவர் பயம் நியாயம்தான். டீ கிளாஸோடு இருந்த பெரியவர் முகத்தைப் பார்த்தபோது அவர் ஓடிவருவதும் நியாயமாகத்தான் தெரிந்தது.

கடைசியில் கேட் போட்டோம். திறந்தால் அடுப்படிவரை கேட்கிற மாதிரி அதில் ஒரு மணி தொங்குகிறது. மணிச் சத்தம் கேட்டால் அந்தம்மாவே வந்து அவரை ரோடு தாண்டிக் கொண்டுபோய் விடுகிறார். மணி அந்தம்மாவின் யோசனை. பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கேட் போடுங்க, வேணாங்கல, தாப்பாள மட்டும் எனக்கு எட்டுற ஒசரத்துல வைங்கம்மா."

கம்பி சுவரில் நிற்பதற்கு என்ன கலவை என்று ஆரோக்கியத்துக்குத் தெரியும், அதை ஒருவர் மனசு ஒப்பிப் பிடிப்பதற்கு என்ன கலவை என்றுதான் ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகக் குழைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.