அழுதால் கழன்றுவிடும் இமை

எங்கள் வீட்டில் அழுவதற்கு அத்தையை மிஞ்ச ஆள் கிடையாது. டிவி தொடரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூட அழுவாள். சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால், வெங்காயத்துக்காக அழுகிறாளா, மதியம் பார்த்த தொடருக்காக அழுகிறாளா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அம்மா அந்த வேலையை அவளிடம் கொடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தார். இருபத்து நாலு வயதிலும் அவருக்கு அவள் ‘பாப்பா’தான். ஊரில் யாருக்கும் வளைந்து கொடுக்காத மனிதர், அத்தையின் கண்ணில் தண்ணீரைப் பார்த்தால் மட்டும் ஆட்டம் கண்டுவிடுவார். என்ன, ஏது என்று கேட்கமாட்டார். அவள் அழுகையை நிறுத்த என்ன செய்ய வேண்டுமோ அதை உடனே செய்துவிடுவார்.

அப்படித்தான் அத்தையின் நர்சிங் படிப்பு ஒரே நாளில் முடிந்தது. திருச்சியில் இடம் கிடைத்து, அப்பா அவளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். வாசலில் நின்று அத்தை அழுதிருக்கிறாள். பஸ் ஸ்டாப் வரை போன அப்பா திரும்பி வந்து, பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, “நட பாப்பா, வூட்டுக்குப் போவோம்” என்று குரும்பலூருக்கே கூட்டி வந்துவிட்டார். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் காப்பிக்கு அடுத்து இந்தக் கதைதான் வரும். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அத்தை மட்டும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ரெட்டிபாளையம், சிமெண்ட் ஆலையில் வேலை. அத்தைக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. மொட்டை மாடியில் போனும் கையுமாக நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் போனால் “போய் வீட்டுப்பாடம் எழுது” என்பாள். எழுதி முடித்துவிட்டேன் என்று சொன்னாலும் அதையேதான் சொல்வாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அம்மா, அத்தை, நான் மூன்று பேரும் பெரம்பலூர் பார்லருக்குப் போனோம். சேலை, நகை, ஜடை எல்லாம் பேசி முடித்த பிறகு பார்லர் அக்கா மூன்று சின்னப் பெட்டிகளை எங்கள் முன்னால் திறந்து வைத்தார். உள்ளே கறுப்பாக ஏதோ படுத்திருந்தது. பூச்சி என்று நினைத்து நான் இரண்டடி பின்னால் போனேன்.

“கண்ணுக்கு வைக்கிற இமைடி, ஒட்டு இமை” என்று சிரித்தார் அக்கா.

முதல் பெட்டியில் இருந்தது காந்த இமை. அதை எடுத்து அவர் கத்தரிக்கோல் மேல் வைத்ததும் ‘டக்’ என்று ஒட்டிக்கொண்டது. அந்த நிமிஷமே என் ஓட்டு அதற்கு விழுந்துவிட்டது. நாற்காலிக் கம்பி, அலமாரிக் கதவு, அம்மாவின் சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றிலும் ஒட்டிப் பார்த்தேன். அம்மா என் கையில் ஒன்று போட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

இரண்டாவது பெட்டியில் முடி கொத்துக் கொத்தாக இருந்தது. “கல்யாணப் பொண்ணுக்கு இதுதாங்க சரி. நம்ம இமையோட சேத்து ஒவ்வொரு கொத்தா ஒட்டிருவேன். ஹோமப் புகையோ, வேர்வையோ, அழுகையோ, எதுக்கும் அசையாது. பொண்ணு அனுப்பும்போது எல்லாம் கதறுவாங்கல்ல? அப்பவும் அப்படியே நிக்கும்.”

அம்மா உடனே, “இதையே வைங்க. இவ கொஞ்சநஞ்சமா அழமாட்டா, பாத்துக்கங்க” என்றாள்.

அத்தை மூன்றாவது பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இமை முழுவதும் ஒரே பட்டையாக இருந்தது.

“இது சும்மா போட்டோவுக்குப் போடறது. இந்தப் பசை நிக்காதுங்க. கண்ணு கலங்குனாலே ஓரம் தூக்கிக்கும்.”

“அழுதா கழண்டுருமா?” என்று கேட்டாள் அத்தை.

“நிச்சயமா கழண்டுரும். கன்னத்துல வந்து தொங்கும், பாக்கவே அசிங்கமா இருக்கும்.”

“அப்ப இதையே வைங்கக்கா.”

பார்லர் அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். அத்தை பிடிவாதமாக அந்தப் பெட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். இருப்பதிலேயே மட்டமானதைத் தேடி எடுக்கும் ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். காந்தத்தை விட்டுவிட்டு இதைப் போய் எடுக்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் காதருகே குனிந்து எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். “கல்யாணத்தன்னைக்கு நீ என் பக்கத்துலயே இருக்கணும். என் கண்ணு கலங்குச்சுன்னா ‘அத்த, இமை’ன்னு ஞாபகப்படுத்தணும். செய்வியா?”

கோபம் போன இடம் தெரியவில்லை. பெட்டியும் பசையும் என் பொறுப்பில் வந்தன.

கல்யாணம் செட்டிகுளத்தில், மலையடிவாரத்து மண்டபத்தில் நடந்தது. நான் மணமேடையை விட்டு நகரவில்லை. தாலி ஏறும்போது “இமை” என்றேன். அப்பா பாதபூஜைத் தட்டோடு வரும்போது “இமை” என்றேன். ஐயர் ஒருமுறை மந்திரத்தை நிறுத்தி என்னை முறைத்தார். அத்தை ஒவ்வொரு முறையும் மூச்சை இழுத்து, மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். இமை கல் போல் நின்றது.

சாப்பாடு முடிந்து பெண்ணை அனுப்பும் நேரம் வந்தது. அம்மா அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அழுதார்கள். சமையல்காரரே துண்டால் கண்ணைத் துடைத்தார். அழ வேண்டியவள் மட்டும் அழவில்லை. “பொட்டுக் கண்ணீர் இல்ல பாரேன். என்னா நெஞ்சழுத்தம்!” என்று பின்னால் யாரோ ஒரு பெண் சொன்னது எனக்குக் கேட்டது. அத்தைக்கும் கேட்டிருக்கும்.

அத்தையும் மாமாவும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள். அப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாத்தவும் இல்லை, விடவும் இல்லை.

“பாப்பா, மனசுக்கு ஒரு மாதிரி இருந்தா சொல்லு. எறங்கிக்க. வூட்டுக்குப் போயிடுவோம்.”

தாலி கட்டி நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாமா திகைத்துப் போனார். யாரும் சிரிக்கவில்லை. அத்தையின் உதடு கோணியது, கண்ணில் தண்ணீர் ஏறியது. நான் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி, தொண்டை கிழியக் கத்தினேன்.

“அத்த! இமை! இமை!”

மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. அப்பா ஒன்றும் புரியாமல் “என்னடி?” என்றார்.

“அழுதா இமை கழண்டுரும்ப்பா! கன்னத்துல தொங்கும்! அதான் அத்த அழாம இருக்கு!”

அப்பா என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அன்று முழுக்கச் சிரிக்காத மனிதர், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். “அட கூத்தே, இமைக்குத்தானா? போயிட்டு வா பாப்பா, போயிட்டு வா” என்று அத்தையின் தலையைத் தொட்டார்.

பெண்ணோடு துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் என்னையும் தூக்கி அத்தைக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள். அப்பா கதவைச் சாத்தினார்.

வண்டி ஆலத்தூர் கேட் தாண்டியது. அத்தை நேராகப் பார்த்தபடியே, “பின்னாடி அண்ணன் வண்டி வருதா பாரு” என்றாள். நான் முட்டி போட்டு ஏறிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு லாரி மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இல்ல அத்த.”

“நல்லாப் பாரு.”

“இல்ல அத்த, வரல.”

அத்தை கையைத் தூக்கி, ஓரத்தைப் பிடித்து, இரண்டு இமைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். என்னிடம் பெட்டியை வாங்கி அதற்குள் வைத்து மூடினாள். அதன் பிறகு அழ ஆரம்பித்தாள். பெரம்பலூர் வந்தது, போனது. அரியலூரும் வந்தது. அவள் நிறுத்தவில்லை. மாமா கைக்குட்டையை நீட்டினார். அது நனைந்த பிறகு தோளில் கிடந்த துண்டையும் கொடுத்தார்.

எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பசை அல்லவா, பிய்த்தால் வலிக்கத்தானே செய்யும்?

“ரொம்ப வலிக்குதா அத்த?” என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைத் திருப்பி, கண்ணில் ஊதினேன்.

“ஆமாடி, வலிக்குது. இன்னும் கொஞ்சம் ஊது” என்றாள்.

ரெட்டிபாளையம் வரை ஊதிக்கொண்டே போனேன்.

போன மாதம் எங்கள் கல்லூரி விழாவில் ஆடுவதற்காக எனக்கும் அதே மாதிரிப் பட்டை இமை ஒட்டினார்கள். ஆடி முடித்து, கண்ணாடி முன் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

வலிக்கவே இல்லை.