மாத்திரையும் திரி ரூமும்

1. ஓடியது

அன்றைக்கு முதலில் ஓடியது நான்தான். திருத்தங்கலுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் புஸ்வாணத்துக்குத் திரி ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ரூமுக்கு நாலு பேர். திடீரென்று நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று அனல் ஏறியது. தீப்பற்றிவிட்டது என்றே நினைத்தேன். எங்கள் வேலையில் யாராவது எழுந்து ஓடினால் ஏன் என்று கேட்கக் கூடாது, கூடவே ஓட வேண்டும். கேட்டுக்கொண்டு நின்றால் ஆள் மிஞ்சாது. நான் ஓட, என் ரூம் ஓடியது, அடுத்த ரூம்களும் ஓடின. வேலியோரம் நின்று திரும்பிப் பார்த்தால் புகையே இல்லை.

போர்மேன் அண்ணாச்சி மூச்சு வாங்க வந்தார்.

"எங்கன தீ?"

"தீ இல்ல அண்ணாச்சி... எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு."

"நல்லா எரிஞ்சுச்சு போங்க. சீசன் நேரத்துல லோடு நிக்குது, உங்களுக்கு ஓட்டப்பந்தயம் கேக்குதாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மார்பில் கட்டி எடுத்து, கரண்டு என்று சொல்லும் கதிர் சிகிச்சையும் வைத்து, அந்த வருஷம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு மகள் இருந்தாள். கட்டி திரும்ப வராமலிருக்க மதுரை ஆஸ்பத்திரியில் தினமும் ஒரு மாத்திரை, அஞ்சு வருஷத்துக்குப் போடச் சொல்லியிருந்தார்கள். அனல் அடிக்கும் என்றும் சொன்னார்களாம். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். அன்றிருந்த பயத்தில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

2. நிறுத்தியது

மாத்திரை போட ஆரம்பித்த பிறகுதான் அனல் என்று பட்டதால், அதை நானாகவே நிறுத்தினேன். போகப்போக அனல் குறைந்தது. ஆனால் குளிக்கும்போதெல்லாம் கை அக்குளைத் தடவிக்கொண்டே இருக்கும். எதைத் தொட்டாலும் கட்டி மாதிரியே இருக்கும். தாங்கமாட்டாமல் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"போட்டா வேல போயிரும் போலிருக்கும்மா. போடாட்டி உயிர் போயிருமா?"

"அப்படி ஒரே வார்த்தையில சொல்ல முடியாதும்மா. உங்க கட்டி ஹார்மோனால வளர்ற வகை. மாத்திரை அதைத் தடுக்குது. திரும்ப வர்ற வாய்ப்பு குறையும். வரவே வராதுன்னு நான் சொல்லமாட்டேன். இந்த அனல் தொந்தரவுதான், ஆபத்தில்ல. கால் ஒரு பக்கமா வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, கீழ கணக்கில்லாம ரத்தம் போனாலோ உடனே வரணும். கஷ்டமா இருந்தா வந்து சொல்லுங்க, வேற வழி பார்ப்போம். நீங்களா நிறுத்தாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் ஆமத்தூர் தாண்டும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இதையெல்லாம் யாரிடம் பேசுவது? வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைப் போட்டேன்.

3. முத்துமாரி எழுந்திருக்காதது

அனல் திரும்பியது. இது மாத்திரைதான், ஓடாதே என்று பல்லைக் கடிப்பேன். நிஜத் தீயாக இருந்துவிட்டால்? ஓடிவிடுவேன். அப்படி ஒருநாள் வெளியே வந்து பார்த்தால் பின்னால் ஒருத்தரும் இல்லை. உள்ளே, எனக்குப் பக்கத்தில் உட்காரும் முத்துமாரி திரி ஒட்டியபடியே மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யக்காவுக்கு வழக்கமான வேக்காடுதான். உக்காருங்கடி."

கட்டி என்று சொன்ன நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. நாளைக்கு நிஜமாகவே தீயைப் பார்த்து நான் ஓடினாலும் இந்தப் பிள்ளைகள் உட்கார்ந்தே இருக்கும்.

அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"மாத்திரைய விட்டுராதீக. ரூம விட்டுருங்க. கேட்டுப் பக்கம் லேபிள் ஷெட் சும்மா கெடக்கு. கூலி கம்மி. தொணைக்கும் ஆள் கெடையாது. இருந்துக்கிருவீகளா?"

"இருந்துக்கிருவேன் அண்ணாச்சி."

அஞ்சு வருஷமும் போட்டு முடித்தேன். கட்டி திரும்பவில்லை. மாத்திரையால்தானா என்று எனக்குத் தெரியாது. பயமும் முழுக்கப் போகவில்லை. இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது, உடம்பில் நடப்பதை டாக்டரிடம் மட்டுமல்ல, பக்கத்தில் உட்காருகிறவளிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள் என்பதுதான்.

மாத்திரை முடியும்வரை, லேபிள் ஷெட்டில் அனல் ஏறும்போது பசைக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். எழுந்து ஓடினாலும் என்னோடு சேர்ந்து ஓட அங்கே யாரும் இல்லை.